வீட்டு நெட்வொர்க்கில் ஐபி சிக்கல்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

செங்கோட்டையில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். மகளைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். வாசலில் ஒரு கேமரா, பின்கட்டு மாட்டுத்தொழுவத்தில் ஒரு கேமரா. மகள் அங்கிருந்தே போனில் பார்த்துக்கொள்வார். புது ஃபைபர் இணைப்பு போட்டதிலிருந்து மகளுக்குப் படம் வரவில்லை. அது போதாதென்று, ஜூன் மாதம் ஆரியங்காவு கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்ததும் கிளை விழுந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கரண்ட் வந்த பிறகு பார்த்தால், வீட்டுக்குள்ளேயே போனில் கேமரா தெரியாது, பிரிண்டர் அசையாது, யூட்யூப் மட்டும் ஓடும்.

"தம்பி, நெட்டு நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குள்ள இருக்கிற சாமான்தான் ஒன்னையொன்னு பாக்க மாட்டேங்குது" என்றார் டீச்சர். நோயை இவ்வளவு சரியாகச் சொல்பவர்கள் குறைவு. வெளியே போகும் வழி நன்றாக இருக்கிறது, உள்ளே முகவரிகள் குழம்பியிருக்கின்றன என்பதுதான் அதன் பொருள்.

இப்படி ஆனதும் எல்லோரும் முதலில் ரௌட்டரை அணைத்துப் போடுவார்கள். சில நேரம் சரியாகிவிடும். ஆனால் ஏன் கெட்டது என்பதற்கான தடயமும் அதோடு அழிந்துவிடும், நாலு நாளில் அதே கதை திரும்பி வரும். அதனால் தயவுசெய்து எதையும் அணைப்பதற்கு முன்னால் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள முகவரியைப் படியுங்கள், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்க வேண்டாம்.

எண்ணை எங்கே பார்ப்பது

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சி-எம்-டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கறுப்புத் திரை திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, சாய்கோடு, ஆல் என்று தட்டி என்டர் கொடுங்கள். நீளமாக வரும், பயப்பட வேண்டாம். ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே, டிஹெச்சிபி சர்வர் (எண்களைக் கொடுப்பவர்), டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயருக்கு எண் சொல்பவர்) என்ற ஐந்து வரிகள் போதும். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டால் இவற்றில் பெரும்பாலானவை தெரியும். போனில் சோதிக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபை செத்துக் கிடந்தாலும் போன் டவர் வழியாக நெட்டைக் கொண்டுவந்து நம்மை ஏமாற்றிவிடும்.

இந்த எண்களின் வேலை எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். செங்கோட்டைக்குள் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக எந்தச் சாவடியும் கிடையாது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இருக்கும் ஆரியங்காவுக்குப் போக வேண்டுமென்றால் புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கேட்வே என்பது அந்தச் சாவடி. வீட்டில் அது ரௌட்டர், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. எல்லைக்கோடு எங்கே போகிறது என்று சொல்வது சப்நெட் மாஸ்க். அது 255.255.255.0 என்றால், முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்கிறவர்கள் எல்லாம் ஒரே ஊர். நான்காவது எண்தான் கதவிலக்கம், 1 முதல் 254 வரை. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் ஊரின் எல்லைக்கோடு நகர்ந்துதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, யார் உள்ளூர் யார் வெளியூர் என்பதுதான் மாறியது. மாஸ்க்கை மாற்றினாலும் அதேதான் நடக்கும்.

192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை ஆகிய மூன்று தொகுதிகளும் தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை. என் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், புனலூரில் மகள் வீட்டிலும் இருக்கலாம். இரண்டும் அவரவர் சாவடிக்குள் இருப்பதால் மோதாது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தால்தான் தகராறு.

எண் 169.254 என்று தொடங்குகிறது

இது ரௌட்டர் கொடுத்த எண் அல்ல. முகவரி கொடுங்கள் என்று கணினி கேட்டது, பதில் வரவில்லை, தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது. அப்படியானால் கோளாறு கணினிக்கும் ரௌட்டருக்கும் நடுவில்தான். வெளி இணைப்புக்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

கேபிள் இணைப்பாக இருந்தால் ரௌட்டரின் பின்பக்கம் போய் விளக்கைப் பாருங்கள். ஐப்பசி இடிக்குப் பிறகு இது எங்கள் பக்கம் அடிக்கடி வரும்: வைஃபை நன்றாக இருக்கும், வீட்டுக் கேபிள்கள் செருகும் நான்கு லேன் துளைகளில் ஒன்று மட்டும் கருகியிருக்கும். கேபிளைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகுங்கள், விளக்கு வந்தால் அவ்வளவுதான் வேலை. எல்லாத் துளையிலும் விளக்கு வரவில்லை என்றால் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தும் எண் வரவில்லை என்றால் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ரிலீஸ். பிறகு அதே போல ரின்யூ.

வீட்டில் எல்லாருக்குமே 169.254 என்றால் ரௌட்டரில் டிஹெச்சிபி அணைந்திருக்கிறது. ஒருவேளை எண்கள் தீர்ந்தும் போயிருக்கலாம். கல்யாண வீடு ஒன்றில் அப்படிப் பார்த்தேன். ரௌட்டரில் 20 எண்களுக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகும், 24 மணி நேரக் குத்தகை என்பதால், எண்கள் அவர்கள் பெயரிலேயே இருந்தன. வீட்டுக்காரரின் போன் 'ஐபி முகவரியைப் பெறுகிறது' என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ரௌட்டர் அமைப்பில் (உலாவியில் கேட்வே எண்ணைத் தட்டினால் திறக்கும்) டிஹெச்சிபி பக்கத்துக்குப் போய், கொடுக்கும் எண்களின் வரம்பை 100 முதல் 199 வரை என்று அகலமாக்கியதும் சரியானது.

எண் நன்றாக இருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை

இங்கே படிப்படியாகப் பிங் செய்ய வேண்டும், அதாவது கறுப்புத் திரையில் பிங், இடைவெளி, எண் என்று தட்டி, அந்த எண் பதில் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் கேட்வே எண். அது பதில் சொன்னால் 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர்). அதுவும் பதில் சொன்னால், ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எந்தப் படியில் நிற்கிறதோ கோளாறு அங்கே.

கேட்வே வரை வந்து, 8.8.8.8 வரவில்லை என்றால் வெளி இணைப்பு. கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். 8.8.8.8 வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ். வழி நன்றாக இருக்கிறது, பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஆள்தான் இல்லை. டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள்.

கேட்வேயே வரவில்லையா? திரை சொல்வதைக் கவனித்துப் படியுங்கள். 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் அனுப்பினேன், பதில் இல்லை என்று பொருள். உங்கள் கணினியின் சொந்த எண்ணிலிருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால் விஷயம் வேறு: தெருவில் கூவிப் பார்த்தேன், அந்தக் கதவிலக்கத்தில் யாருமே குரல் கொடுக்கவில்லை என்கிறது. அநேகமாகக் கேட்வே எண் தவறாக இருக்கும், அல்லது அந்தப் பெட்டி அணைந்திருக்கும்.

தென்காசியில் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்து வருபவர்களுக்கு இது அதிகம் நடக்கும். அலுவலகத்தில் 10 என்று தொடங்கும் நிலையான எண்ணைப் போட்டிருப்பார்கள், வீட்டில் 192.168. வைஃபை முழுக் கோடு காட்டும், ஒன்றும் திறக்காது. வைஃபை பண்புகளில் ஐபி ஒதுக்கீடு என்ற இடத்தில் தானியங்கி என்று மாற்றுங்கள். அப்புறம் டிஎன்எஸ் ஒதுக்கீட்டையும் தனியாகப் பாருங்கள். விண்டோஸில் இரண்டும் வேறு வேறு. ஐபியை மாற்றிவிட்டு டிஎன்எஸை அலுவலக எண்ணிலேயே விட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

எண், பிங் எல்லாம் சரியாக இருந்து, பழைய டெஸ்க்டாப்பில் மட்டும் எல்லாத் தளமும் 'பாதுகாப்பற்றது' என்று அடம்பிடித்தால் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போயிருக்கும். இதில் ஐபி மேல் குற்றம் இல்லை.

கரண்ட் வந்ததும் கேமரா காணாமல் போகிறது, அல்லது 'ஐபி முகவரி மோதல்' என்று செய்தி வருகிறது

டீச்சர் வீட்டில் நடந்தது இதுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ரௌட்டர் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பட்டியலைத் தன் நினைவில் வைத்திருக்கும். நிறைய வீட்டு ரௌட்டர்களில் கரண்ட் போனால் அந்தப் பட்டியலும் போய்விடும். கேமராவின் படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டி அப்படி எண் கேட்டு வாங்குவதில்லை; கேமரா பொருத்த வந்தவர் அதற்கு நிலையாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். இந்தப் பெட்டிகளில் சில தொழிற்சாலையிலிருந்தே 192.168.1.108 என்ற எண்ணோடு வருகின்றன, பலர் அதை மாற்றுவதே இல்லை. நம் ரௌட்டர் கொடுக்கும் வரம்போ 100 முதல் 199. அந்த 108 ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது என்று ரௌட்டருக்குத் தெரியாது.

கரண்ட் வருகிறது. ரௌட்டர் எழுந்துவிடுகிறது. டிவிஆர் ஹார்ட் டிஸ்க்கைச் சரிபார்த்து மெதுவாக எழுகிறது. அந்த இடைவெளியில் புதிதாக வந்த ஒரு போனுக்கு ரௌட்டர் 108ஐக் கொடுத்துவிட்டால் முடிந்தது. டிவிஆர் எழுந்து அதுவும் நான்தான் 108 என்கிறது. தபால்காரர் ஒரு நாள் இந்த வீட்டில் போடுகிறார், மறுநாள் அந்த வீட்டில் போடுகிறார். கேமரா ஐந்து நிமிடம் தெரியும், அப்புறம் தெரியாது. இந்த 'வரும், போகும்' தன்மைதான் மோதலின் கையெழுத்து. வராமலே போவது வேறு நோய்.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. டிவிஆரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஆர்ப், இடைவெளி, சாய்கோடு போடாமல் சிறு கோடு, டி, மறுபடி இடைவெளி, நட்சத்திரக்குறி என்று தட்டிப் பழைய நினைவை அழியுங்கள் (நிர்வாகி உரிமையோடு திறந்த கறுப்புத் திரை வேண்டும்). பிறகு 192.168.1.108ஐப் பிங் செய்யுங்கள். பெட்டி இணைப்பு அறுந்து கிடக்கிறது, இருந்தும் பதில் வருகிறதென்றால் வேறு யாரோ அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள். தூங்கும் போன்கள் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். அதனால் பிங் முடிந்த கையோடு ஆர்ப், இடைவெளி, சிறு கோடு, ஏ என்று தட்டுங்கள். பட்டியலில் 108க்கு எதிரே ஆறு இரட்டை எழுத்துகள் கொண்ட மேக் முகவரி (சாதனத்தின் வன்பொருள் அடையாளம்) நின்றால் அங்கே ஆள் இருக்கிறது.

தீர்வு, வரம்பையும் நிலையான எண்களையும் பிரித்து வைப்பது. வரம்பு 100 முதல் 199 என்று இருக்கட்டும். நிலையாக இருக்க வேண்டியவற்றை 100க்குக் கீழே கொண்டுவாருங்கள். டீச்சர் வீட்டில் ரௌட்டர் 1, டிவிஆர் 20, பிரிண்டர் 21 என்று வைத்தேன். டிவிஆர் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் முகவரி 192.168.1.20, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று கொடுத்துச் சேமித்தேன். போன் செயலியில் பழைய 108ஐப் போட்டு வைத்திருந்தால் அங்கேயும் 20 என்று மாற்ற வேண்டும்.

பாதிப் பேருக்குப் பிரிண்டர் தெரிகிறது, பாதிப் பேருக்குத் தெரியவில்லை

வீட்டில் இரண்டு ரௌட்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்பார்கள். பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தால் இருக்கும்.

புளியரையில் என் அத்தை வீடு நீளமான பழைய ஓட்டு வீடு, முன்கட்டில் உள்ள வைஃபை அடுக்களைக்கு எட்டாது. கொல்லத்தில் இருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது தன் பழைய ரௌட்டரைக் கொண்டுவந்து, புது ரௌட்டரின் லேன் துளையிலிருந்து இதன் லேன் துளைக்கு ஒரு கேபிள் இழுத்துவிட்டுப் போனார். நல்ல எண்ணம்தான். ஆனால் இப்போது எண் கொடுக்க இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். யார் முந்துகிறாரோ அவர் கொடுத்த எண். அத்தையின் போனில் 192.168.1.103, மாமாவின் கணினியில் 192.168.0.101. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ஊர். 192.168.0 என்று வாங்கியவர்களுக்குச் சாவடி என்று காட்டப்பட்டது மச்சானின் ரௌட்டர், அதன் வெளிவாசலிலோ ஒன்றுமே செருகவில்லை. அதனால் மாமாவுக்கு நெட்டும் இல்லை, பிரிண்டரும் இல்லை.

ஐபிகான்ஃபிக் பட்டியலில் டிஹெச்சிபி சர்வர் என்ற வரி இதைக் காட்டிக்கொடுக்கும். எண் கொடுத்தது யார் என்று அதில் இருக்கும். இரண்டு கணினியில் இரண்டு விதமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். இரண்டாவது ரௌட்டரைத் தனியாகப் பிரித்து, லேப்டாப்போடு மட்டும் கேபிளில் இணையுங்கள். முதலில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் வையுங்கள். அடுத்து அதன் லேன் எண்ணை 192.168.1.2 ஆக மாற்றுங்கள். இணைப்பு அறுந்து வரும், புது எண்ணில் மறுபடி உள்ளே போங்கள். டிஹெச்சிபியை அணைப்பது கடைசியில்தான். அதை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு எண் கிடைக்காமல் நீங்களே வெளியே நிற்பீர்கள். எல்லாம் முடிந்த பிறகு லேனுக்கு லேன் கேபிள். வெளி இணைப்பு நுழையும், தனி நிறத்தில் இருக்கும் வான் துளையைத் தொட வேண்டாம். வான் துளையில் செருகினால் சாவடிக்குள் இன்னொரு சாவடி ஆகும்: உள்ளே இருப்பவர் வெளிப் பிரிண்டரை எட்டலாம், வெளியே இருப்பவர் உள்ளே எட்ட முடியாது. இரண்டு பக்கமும் 192.168.1 ஆகவே இருந்துவிட்டால் எதுவும் ஓடாது.

ஒரே ரௌட்டர்தான், எண்ணும் ஒரே ஊர்தான், ஆனாலும் போனுக்குப் பிரிண்டர் தெரியவில்லை என்றால், போன் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா பாருங்கள். விருந்தினரை வீட்டுச் சாமான்களைத் தொட விடாமல் அது தடுக்கும். அதன் வேலையே அதுதான்.

நேற்று வேலை செய்த பிரிண்டர் இன்று ஆஃப்லைன்

கணினி பிரிண்டரை எண்ணால் நினைவு வைத்திருக்கிறது, பிரிண்டருக்கு வேறு எண் வந்துவிட்டது. பிரிண்டரின் சொந்தப் பட்டனில் நெட்வொர்க் அறிக்கை அச்சிட்டுப் பார்த்தால் இன்றைய எண் தெரியும். அதைக் கணினியில் மாற்றினால் இன்றைக்குச் சரியாகும், நாளைக்கு உத்தரவாதம் இல்லை. ரௌட்டரில் முகவரி ஒதுக்கீடு என்ற பகுதிக்குப் போய், பிரிண்டரின் மேக் முகவரிக்கு 192.168.1.21 என்று கட்டிவைப்பதுதான் நல்லது. பிரிண்டரிலேயே நிலையான எண் போடுவதைவிட எனக்கு இது பிடிக்கும், எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும்.

போனுக்கு இப்படி ஒதுக்கினால் பிடிக்காமல் போகலாம். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் உண்மையான மேக் முகவரியைச் சொல்லாமல் மாற்று முகவரி ஒன்றைச் சொல்கின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த அமைப்பில் 'சாதனத்தின் மேக்' என்று மாற்றிவிட்டு ஒதுக்குங்கள்.

வீட்டுக்குள் கேமரா தெரிகிறது, வெளியூரிலிருந்து தெரியவில்லை

ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதுவாவது இருந்தால், இணைப்பு கொடுப்பவர் பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அதற்கென்றே 2012இல் ஒதுக்கிய தொகுதி அது. 10 என்று தொடங்கினாலும் கதை அதேதான். பழைய முறைப்படி போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை ரௌட்டர் கேமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) எவ்வளவு செய்தாலும் பலன் இருக்காது, ஏனென்றால் நம் சாவடிக்கு அப்பால் நம் கையில் இல்லாத இன்னொரு சாவடி இருக்கிறது. பொது ஐபி கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் டிவிஆரின் வரிசை எண்ணைச் செயலியில் சேர்த்து, நிறுவனத்தின் சர்வர் வழியாகப் பார்க்கும் முறைக்குப் போகலாம். வீட்டுக்கு அதுவே போதும். பாஸ்வேர்டை மட்டும் வந்த நிலையிலேயே விட்டுவிடாதீர்கள்.

டீச்சர் வீட்டில் அந்த முறைதான் இருந்தது. ஆனாலும் டிவிஆர் திரையில் 'ஆஃப்லைன்' என்றே நின்றது. நெட்வொர்க் பக்கத்தை வரி வரியாகப் படித்தபோது டிஎன்எஸ் கட்டத்தில், புது இணைப்புக்கு முன்னால் இருந்த ரௌட்டரின் எண் அப்படியே இருந்தது. எண்ணும் மாஸ்க்கும் கேட்வேயும் சரி, சர்வரின் பெயரைச் சொன்னால் எண் சொல்லத்தான் ஆள் இல்லை. 192.168.1.1 என்று மாற்றிச் சேமித்தேன். ஒரு நிமிடத்தில் 'ஆன்லைன்' என்று வந்தது. டீச்சர் உடனே மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மா, தெரியுது. தொழுவத்துல பகல்லயும் லைட் எரியுதே, அணைக்கலையா?"